கதை யாருக்குச் சொந்தம்?



2022-ஆம் ஆண்டு ‘பொன்னியின் செல்வன்’ படம் வெளிவந்தபோது, நம் தோட்டப்புறக் குடும்பங்கள் பல புக்கிட் மெர்தாஜாம் பக்கத்துப் பட்டணங்களுக்குப் போய் அதைப் பார்த்து வந்தன. மறுவாரம் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “ஐயா, கதை எழுதிய கல்கி இறந்து ரொம்ப நாள் ஆகிவிட்டதே. படத்தில் வந்த பணத்தில் அவருடைய பிள்ளைகளுக்குப் பங்கு உண்டா?”

நல்ல கேள்வி. இதற்கு விடை கூறச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

கல்கி 1899-இல் பிறந்தவர். அவருடைய ‘தியாக பூமி’ 1939-இல் கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் படமாயிற்று. அப்போது ஆசிரியரே இருந்தார். தம் கதைக்குத் தாமே பொறுப்பு. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வந்தது. அது முடிந்த சில மாதங்களில், 1954 டிசம்பர் 5-ஆம் நாள் அவர் காலமானார்.

தகப்பனார் வைத்துவிட்டுப் போன வீடும் நிலமும் பிள்ளைகளைச் சேர்வதுபோல, நூலின் உரிமையும் வாரிசுகளைச் சேர்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நிலம் தலைமுறை தலைமுறையாக நிற்கும். நூலுரிமைக்கோ தவணை உண்டு. இந்தியாவில் ஆசிரியர் மறைந்தபின் 60 ஆண்டுகள். நம் மலேசியாவில் 50 ஆண்டுகள். அதன்பின் அது எல்லோருக்கும் பொது.

கல்கியின் மறைவுக்குப் பின் ‘கள்வனின் காதலி’ 1955-இலும், ‘பார்த்திபன் கனவு’ 1960-இலும் படங்களாயின. 1958-இல் எம்.ஜி.ஆர். ‘பொன்னியின் செல்வன்’ கதையைப் படமாக்க உரிமை பெற்றார். விபத்தில் அவர் காயமுற்றதால் வேலை தடைப்பட்டது. அந்தப் படம் வெளிவரவே இல்லை.

வாரிசுகளின் அனுமதி எதற்கு என்று சிலர் கேட்கலாம். எழுதியவன் போனபின் அடுப்பு எரிய வேண்டுமே! வங்காளத்தில் ‘பதேர் பாஞ்சாலி’ எழுதிய விபூதிபூஷண் 1950-இல் மறைந்தார். சத்யஜித் ரே அவருடைய மனைவியாரிடம் அனுமதி பெற்றே 1955-இல் அதைப் படமாக வெளியிட்டார். பெயரில்லாத ஓர் இளைஞரை அந்த அம்மையார் நம்பினார்; உலகத்துக்கு ஓர் அரிய படம் கிடைத்தது.

ஆயினும் உரிமை எப்போதும் குடும்பத்திலேயே நிற்பதில்லை. பாரதியார் 1921-இல் 39 வயதுகூட நிறையாமல் மறைந்தார். அவர் பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை விற்கப்பட்டு, கைமாறி, ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் சேர்ந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் ‘பில்ஹணன்’ படத்தில் ஒரு பாரதி பாடலைச் சேர்த்தபோது வழக்கு வந்தது. பாரதி பாட்டைப் பாட ஒருவரிடம் அனுமதி கேட்பதா என்று நாடே கேட்டது. செட்டியார் உரிமையைப் பணம் பெறாமல் அரசிடம் கொடுத்தார். 1949-இல் பாரதியின் படைப்புகள் நாட்டுடைமை ஆயின.

அந்த வழியிலேயே 1999-இல் தமிழக அரசு கல்கியின் நூல்களையும் நாட்டுடைமை ஆக்கியது. தவணைப்படி 2014 முடியும்வரை காத்திருக்க வேண்டியது, பதினைந்து ஆண்டு முன்னதாகவே பொதுவாயிற்று. பல பதிப்பகங்கள் மலிவுப் பதிப்புகளை அச்சிட்டன. கூலிக்காரன் வீட்டு அலமாரிக்கும் ஐந்து பாகங்களும் வந்து சேர்ந்தன. சென்னையில் அதே ஆண்டு ‘பொன்னியின் செல்வன்’ மேடை நாடகமாயிற்று. 2022-இலும் 2023-இலும் மணிரத்னம் இரண்டு பாகங்களாகப் படமெடுத்தார்.

ஆகவே அந்த மாணவிக்கு நான் சொன்ன விடை இது: “சட்டப்படி பங்கு கொடுக்க வேண்டியதில்லை, அம்மா. ஏனென்றால் இப்போது நீயும் அந்தக் கதைக்கு வாரிசு.”

வாரிசு என்றால் பொறுப்பும் உண்டல்லவா? படத்தில் மணிமேகலை இல்லை. ஐந்து பாகங்களை இரண்டு படங்களில் அடக்குபவர் சிலரை விடத்தான் வேண்டும்; அதைக் குறை கூறவில்லை. ஆனால் நூலைப் படிக்காத பிள்ளைக்கு, மணிமேகலை என்று ஒருத்தி இருந்ததே தெரியாமல் போகும். முன்பு காவல் காக்க ஒரு குடும்பம் இருந்தது. இன்று அந்தக் காவல் படிக்கிறவர்களிடம் வந்திருக்கிறது.

இறுதியாக ஒன்று. என் தாத்தா தோட்டத்துத் திருவிழா நாடகங்களுக்குப் பாட்டுக் கட்டியவர். லயத்தைக் காலி செய்து வந்த நாளில், அவர் எழுதிய நோட்டுப் புத்தகங்கள் பழைய காகிதத்தோடு போய்விட்டன. சட்டம் எங்களுக்கு உரிமை கொடுத்திருந்தது. காப்பாற்ற நாங்கள்தாம் தவறினோம். அரசு நாட்டுடைமை ஆக்குவதற்கும் அங்கே ஒரு தாள்கூட மிச்சமில்லை.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் அப்படி ஒரு நோட்டு இருக்கலாம். இன்றிரவே எடுத்துப் பாருங்கள். பிள்ளைகளைவிட்டு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு பிரதி எழுதி வையுங்கள்.