நிழல் மங்கல்

நிழல் மங்கல் என்பது, செல்பேசிக் கோபுரத்துக்கும் கைபேசிக்கும் நடுவே கட்டடமோ குன்றோ மரத்தோப்போ குறுக்கிடுவதால் சிக்னலின் வலிமை இடத்துக்கு இடம் கூடுவதும் குறைவதும் ஆகும். கோபுரத்திலிருந்து ஒரே தொலைவில் உள்ள இரு தெருக்களில் ஒன்றில் பேச்சு தெளிவாகவும் மற்றதில் விட்டுவிட்டும் கேட்பதற்கு இது முக்கியக் காரணம். பல வழிகளில் வந்து சேரும் அலைகளால் சில சென்டிமீட்டருக்குள் உண்டாகும் விரைவு மங்கல் இதிலிருந்து வேறானது. 900 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 33 செ.மீ. நிழலை மட்டும் பிரித்தறிய, ஏறத்தாழ 40 அலைநீளத்துக்கு, அதாவது 13 மீட்டருக்கு, அளவீடுகளைச் சராசரி எடுப்பார்கள்.

டெசிபெல் கணக்கில் இந்த ஏற்ற இறக்கம் இயல்நிலைப் பரவலை ஒட்டி அமைகிறது. திட்டவிலக்கம் பெரும்பாலும் 4 முதல் 10 டெசிபெல் வரை. 10 டெசிபெல் என்பது ஆற்றலில் பத்து மடங்கு.

பரவலைச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். நாலடி நகர்ந்ததும் நிழல் விலகிவிடாது. நீண்ட கட்டடத்தின் மறைவில் ஓடும் பேருந்து அதைத் தாண்டும் வரை மறைவில்தான் இருக்கும். இந்தத் தொடர்ச்சியை 1991இல் ஆய்வாளர் மிக்கேல் குட்மண்ட்சன் எளிய சூத்திரமாக்கினார்: இரு இடங்களின் நிழல்களுக்கு இடையிலான ஒட்டுறவு, இடைத்தொலைவு கூடக்கூட அடுக்குக்குறி முறையில் தேய்கிறது. புறநகரில் 900 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டர் தள்ளியும் ஒட்டுறவு 0.82 இருந்தது. நகரத்தில் 1700 மெகாஹெர்ட்ஸ் சிறு செல்லில் (செல் என்பது ஒரு கோபுரம் சேவை தரும் பரப்பு) 10 மீட்டரிலேயே அது 0.3 ஆனது. ஒட்டுறவு சுமார் 0.37 ஆகத் தேயும் தொலைவு 'ஒட்டுறவுத் தொலைவு' எனப்படும். கோபுரம் நேராகத் தெரியாத நகர்ப்புறப் பெருஞ்செல்லுக்கு செல்பேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் 5ஜி மாதிரி இதை 50 மீட்டர் என்றும், தெருமட்டச் சிறு செல்லுக்கு 13 மீட்டர் என்றும் கொள்கிறது.

ஒரு கோபுரத்திலிருந்து இன்னொன்றுக்கு அழைப்பை எப்போது மாற்றுவது என்பதில் இந்த ஒட்டுறவுத் தொலைவுக்குப் பெரும் பங்குண்டு. நிழல் மீட்டருக்கு மீட்டர் தொடர்பின்றி மாறுவதாகக் கணினியில் வைத்துக்கொண்டால், அழைப்பு இரு கோபுரங்களுக்கு நடுவே ஓயாமல் தாவுவதாகப் பொய்யான முடிவு வரும். வெவ்வேறு கோபுரங்களின் நிழல்களும் முற்றிலும் தனித்தனியானவை அல்ல. கைபேசிக்கு அருகிலுள்ள சுவர் இரண்டையும் சேர்த்தே மறைக்கக்கூடும். பாவனைக் கணக்குகளில் இந்த ஒட்டுறவை 0.5 என வைப்பது வழக்கம்.

குட்மண்ட்சனின் சூத்திரம் தொலைவை மட்டுமே பார்க்கிறது, திசையைப் பார்ப்பதில்லை. தெருவின் நீளவாக்கில் நெடுந்தூரம் மாறாத நிழல், முனை திரும்பியதும் சில அடிகளில் மாறிவிடும். வலையமைப்புத் திட்டங்களை ஒப்பிட அந்தச் சூத்திரம் போதும். குறிப்பிட்ட ஒரு தெருவில் சிக்னல் கிடைக்குமா என்றறிய அங்கே வண்டியில் போய் அளந்தே ஆகவேண்டும்.