வண்ணம் வந்தபின் கால் நூற்றாண்டு

இந்தியத் தொலைக்காட்சியில் வண்ணம் 1982ஆம் ஆண்டு சுதந்திர நாள் ஒளிபரப்போடும், அதே ஆண்டு நவம்பரில் தில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளோடும் வந்து சேர்ந்தது என்பதால், கறுப்பு வெள்ளைப் பெட்டியின் காலமும் அத்துடன் முடிந்துவிட்டதாகவே பல வரலாறுகள் எழுதிச் செல்கின்றன. புதுச்சேரி நகருக்குத் தெற்கே, கடலூர்ச் சாலையில் சுண்ணாம்பாற்றைக் கடந்ததும் வரும் தவளக்குப்பத்தையும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களையும் போன்ற இடங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்றுதான் தொடங்கியது. அதன் அலைகள் தெற்கே வலுவிழந்தே வந்ததால், குறைந்த சக்தி கொண்ட மறுஒளிபரப்பு நிலையங்கள் 1984 முதல் நாடெங்கும் பெருகிய பின்னரே சிறிய ஊர்களில் கூரைக்குமேல் ஆன்டெனாக்கள் பரவலாக எழுந்தன. ஆகவே பெரும்பாலான குடும்பங்கள் வாங்கிய முதல் பெட்டி, வண்ணம் வந்த பிறகு வாங்கிய கறுப்பு வெள்ளைப் பெட்டியாகவே இருந்தது.

இது நிகழ முடிந்ததற்குத் தொழில்நுட்பமே வழிவிட்டது. இந்தியா ஏற்றுக்கொண்ட ‘பால்’ என்னும் வண்ண முறையில், படத்தின் ஒளிச்செறிவைச் சுமக்கும் குறிப்பலை ஒன்றும், நிறத்தைச் சுமக்கும் துணை அலை ஒன்றும் சேர்ந்தே அனுப்பப்படுகின்றன. பழைய பெட்டி முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடும். அதனால் ஒளிபரப்பு வண்ணமாக மாறிய நாளில் ஒரு பழைய பெட்டிகூடப் பயனற்றுப் போகவில்லை. மேலும், வண்ணப் படக்குழாயில் மூன்று எலக்ட்ரான் கற்றைகளும், அவற்றை உரிய நிறப்புள்ளிகளில் மட்டும் விழவைக்கும் துளைத்தகடும் தேவைப்பட, கறுப்பு வெள்ளைக் குழாய்க்கு ஒரே கற்றை போதுமானதாக இருந்தது. விலைக்குறைவும் மின்சிக்கனமும் இதிலிருந்தே பிறந்தன. சிறிய பெட்டிகள் 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடக் கூடியவை என்பதால், மின்சாரம் நிலையாக இல்லாத இடங்களுக்கும் அவை போய்ச் சேர்ந்தன.

சென்னையில் உருவான சாலிடேர், டயனோரா ஆகிய பெட்டிகள் தமிழ் வீடுகளில் எல்லாரும் அறிந்த பெயர்களாக வழங்கின. இழுத்து மூடும் மரக்கதவும் பூட்டும் கொண்ட அலமாரி வடிவப் பெட்டி, வெள்ளிக்கிழமை இரவின் ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிற்றுக்கிழமைத் திரைப்படம் ஆகியவற்றுக்காகத் திறக்கப்படும்போது அண்டை வீட்டார் தரையில் வந்து அமர்வது வழக்கமாயிற்று. அண்டை மாநிலத்தைவிடப் புதுச்சேரியில் விற்பனை வரி குறைவாக இருந்த காலத்தில், கடலூர், விழுப்புரம் பகுதி மக்களும் இங்கு வந்து மின்பொருள் வாங்கிச் சென்றனர். வண்ணப் பெட்டிக்கு வசதியில்லாதோர், மேலே நீலமும் கீழே பச்சையுமாகச் சாயமிட்ட பிளாஸ்டிக் தகட்டைத் திரைக்கு முன் மாட்டினர். இதைப் பேதைமை என்று ஒதுக்குவது தவறு. வானமும் வயலும் வரும் காட்சிக்கு அந்தத் தகடு உண்மையிலேயே ஒத்துப்போனது, நிறத்தின்மீது மக்களுக்கிருந்த ஆசையை அதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் வேறில்லை.

கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கு முதல் நெருக்கடி, நிறத்தால் அல்லாமல் அலைவரிசைகளின் எண்ணிக்கையால் வந்தது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கியபின் கேபிள் இணைப்பு தெருத்தெருவாகப் பரவியது. பழைய பெட்டியின் திருகுக் குமிழோ பத்துப் பன்னிரண்டு இடங்களுக்கு மேல் சுழலாது; கேபிள்காரர் இடைப்பட்ட அதிர்வெண்களில் அனுப்பிய அலைவரிசைகளை அதனால் பிடிக்கவும் முடியாது. அவற்றைப் பெட்டிக்குப் புரியும் அதிர்வெண்ணுக்கு மாற்றித்தரும் ‘கன்வர்ட்டர்’ என்னும் சிறு கருவியைப் பொருத்தி, மெக்கானிக்குகள் பழைய பெட்டியின் ஆயுளை நீட்டித்தனர். வரவேற்பறையில் வண்ணப் பெட்டி குடியேறிய வீடுகளில் பழையது பின்கட்டுக்கோ, உறவினர் வீட்டுக்கோ, தேநீர்க் கடைக்கோ நகர்ந்தது. ஒரு கருவியின் வரலாற்றை அதை முதலில் வாங்கியவர்களைக் கொண்டே எழுதும் பழக்கம் இந்தக் கடைசிப் பயனாளர்களை மறைத்துவிடுகிறது.

2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் குடும்பங்களில் 39.5 விழுக்காட்டினரிடமே தொலைக்காட்சி இருந்தது. 2011இல் அது 87 விழுக்காடானது. இடையில் நிகழ்ந்தது, 2006 செப்டம்பர் 15 அன்று மு. கருணாநிதி அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம். அரசு நிறுவனமான எல்காட்டின் வழியே கொள்முதல் செய்யப்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் ஒன்றரைக் கோடிக்கும் மேல் வழங்கப்பட்டன. பிரெஞ்சு ஆட்சிக் காலத்து எல்லைகளின் எச்சமாகப் புதுச்சேரி வட்டாரம் ஒரே தொடர்ச்சியான நிலமாக இல்லாமல் தமிழ்நாட்டு ஊர்களோடு பின்னிக் கிடப்பதால், இத்திட்டத்துக்கு இங்கே தனிப் பொருளுண்டு: தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை வைத்திருந்தோர்க்கே அப்பெட்டி உரியது, பிரெஞ்சியர் விட்டுச்சென்ற உள்ளாட்சிப் பிரிவான அரியாங்குப்பம் கொம்யூனைச் சேர்ந்த தவளக்குப்பத்தின் அட்டையோ புதுச்சேரி ஒன்றியப் பகுதியினுடையது. எனினும் ஒரே பேச்சும் ஒரே உறவுமுறையும் கொண்ட ஊர்களுக்கிடையே, எல்லைக்கு அப்பால் வண்ணம் இயல்பான பொருளான பின்பு, இப்பால் கறுப்பு வெள்ளை வறுமையின் அடையாளமாகப் படத் தொடங்கியிருக்கும் என்று கருத இடமுண்டு. விலையைவிட இந்தக் கூச்சமே பழைய பெட்டியை விரைவாக வெளியேற்றும் ஆற்றல் கொண்டது.

எஞ்சியவற்றை முடித்துவைத்தது எண்முறை ஒளிபரப்பு. 2011ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி கேபிள் இணைப்புகள் படிப்படியாக செட்டாப் பெட்டிக்கு மாறின. அதன் படத்தையும் ஒலியையும் தனித்தனிக் கம்பியில் வாங்கும் துளைகள் பழைய பெட்டிகள் பலவற்றில் இல்லை. கூரை ஆன்டெனாவை மட்டும் நம்பியிருந்தோர்க்குத் தூர்தர்ஷன் ஒன்றே துணையாக இருந்தது. அதன் பழைய முறைத் தரைவழி ஒளிபரப்பிகளில், எல்லைப்புறம் போன்ற முக்கிய இடங்களில் உள்ள ஏறத்தாழ 50 நீங்கலாக, மற்றவற்றை 2022 மார்ச் 31க்குள் நிறுத்திவிட, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி முடிவு செய்தது. அதன்பின், அத்துளைகள் இல்லாத, பழுதின்றி இயங்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டியிலும் படம் வரவேண்டுமானால், செட்டாப் பெட்டியின் வெளியீட்டை மீண்டும் ஆன்டெனா அலையாக மாற்றித்தரும் இன்னொரு கருவியை இடையில் வைத்தாக வேண்டும்.