கீழ்வெண்மணி: தீக்குப் பின் வந்த கூலிச் சட்டம்

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 தலித்துகள் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி நெல்லை உயர்த்தக் கேட்டதும், செங்கொடிச் சங்கத்தைக் கைவிட மறுத்ததுமே அவர்கள் செய்த ‘குற்றம்’. இதனை வெறும் கூலித் தகராறாகச் சுருக்குவோர், எரிந்தது ஏன் சேரி என்பதை விளக்குவதில்லை.

கணபதியா பிள்ளை ஆணையத்தைத் தொடர்ந்து 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. நீதியோ வரவில்லை. கீழ்நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை 1973இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெருநிலக்காரர்கள் தாமே நடந்துவந்து தீ வைத்திருப்பர் என நம்புவதற்கில்லை என்பது அது கூறிய காரணங்களுள் ஒன்று. சாட்சியைவிடச் சொத்துக்கு மதிப்பு!

பின்னர் அவ்வட்டாரத்தில் தங்கிப் பணியாற்றிய கிருஷ்ணம்மாள் – ஜெகந்நாதன் இணையர், 1981இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நிலமற்ற தலித் பெண்களின் பெயரில் நிலம் பதிவாகச் செய்தனர்.