ஆசிரியர் பணிக்கு நாம் வந்த வழி: தகுதித் தேர்வும் இறுதி நாளும்

ஒரு சமுதாயத்தின் வளர்ச்சியை அளந்தறிய, அதன் பிள்ளைகளுள் எத்தனை பேர் பள்ளிக்குச் செல்கின்றனர் என்று கேட்பது வழக்கம். அப்பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் இடத்தில் அச்சமுதாயத்தவர் எத்தனை பேர் இருக்கின்றனர் என்று கேட்பது அதனினும் ஆழ்ந்த கேள்வி. முதற் கேள்விக்கு விடை காண்பதிலேயே நம் முன்னோரின் வாழ்நாள் கழிந்தது. இரண்டாம் கேள்விக்கு விடை காணும் கடமை, இவ்வெள்ளி விழா மலரைக் கையில் ஏந்தும் இளைஞர்களாகிய உங்களைச் சார்ந்தது.

இன்று கல்லூரி ஆசிரியர் பணிக்குச் செல்லும் பெருவழி, தேசியத் தகுதித் தேர்வு எனப்படும் ‘நெட்’ தேர்வாகும். அத்தேர்வுக்கு விண்ணப்பிக்கும் வாயில் குறித்த நாளில் திறந்து, குறித்த நாளில் மூடிக்கொள்கிறது. எழுதித் தோற்றவர்களை நாம் அறிவோம், ஆறுதலும் கூறுகிறோம். எழுதும் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் நின்றுவிட்டவர்களை எந்தப் பட்டியலும் காட்டுவதில்லை. அவர்களை எண்ணியே இவ்வரலாறு எழுதப்படுகிறது.

மனுக்களின் காலம்

செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்கீர், அம்மாவட்டத்துப் பறையர் மக்களின் இழிநிலையை விவரித்து அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். அதன் விளைவாக 1892இல் நிலம் பற்றிய ஆணைகள் பிறந்தன. அடுத்த ஆண்டாகிய 1893இல், அன்று பஞ்சமர் என்று குறிக்கப்பட்ட நம் மக்களின் கல்வி குறித்துச் சென்னை அரசாங்கம் தனி ஆணை ஒன்று பிறப்பித்தது. சேரிகளில் பள்ளிகள் திறத்தல், பள்ளிக் கட்டடத்திற்குப் புறம்போக்கு நிலம் அளித்தல் ஆகியவற்றோடு, ஆசிரியர் பயிற்சி பெறும் நம் மாணவர்க்கு உதவித்தொகை வழங்குதலும் அவ்வாணையில் இடம்பெற்றது.

இறுதியிற் கூறியது ஊன்றி நோக்கத் தக்கது. சேரிக்குள் கால் வைக்க மறுத்த ஆசிரியர்களும், நம் பிள்ளைகளைத் திண்ணைக்கு வெளியே நிறுத்திப் பாடஞ் சொன்ன ஆசிரியர்களும் நிறைந்திருந்த காலம் அது. கட்டடம் எழுப்பினால் மட்டும் கல்வி வந்துவிடாது. கற்பிக்க நம்மவரும் வேண்டும் என்னும் உண்மை அன்றே உணரப்பட்டிருந்தது.

1894இல் அடையாற்றை அடுத்த ஊரூரில், கர்னல் ஆல்காட் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதரின் தொடர்பும் தூண்டுதலும் அம்முயற்சிக்குத் துணை நின்றன. கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் முதலிய இடங்களிலும் பின்னர் அத்தகைய பள்ளிகள் எழுந்தன. 1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் கல்விப் பணியைத் தொடங்கினார். சென்னைச் சட்டமன்றத்தில் தாழ்த்தப்பட்டோருக்காக வாதாடிய எம். சி. ராஜா, தம் வாழ்வைப் பள்ளி ஆசிரியராகத் தொடங்கியவர் என்பதும், பாடநூல்கள் எழுதியவர் என்பதும் நம் இளைஞர் அறிந்து பெருமை கொள்ள வேண்டிய செய்திகளாகும். கரும்பலகையின் முன் நின்று பேசப் பழகிய நாவே, பின்னர் ஆட்சியாளர் முன்னும் அஞ்சாது பேசிற்று.

தேர்வு என்றால் நீதியா?

இவ்விடத்தில் வரலாற்றின் மற்றொரு பக்கத்தையும் புரட்டிப் பார்த்தல் வேண்டும். இலண்டனில் மட்டும் நடைபெற்றுவந்த இந்திய ஆட்சிப் பணித் தேர்வை இந்தியாவிலும் ஒரே காலத்தில் நடத்த வேண்டும் என்று 1893இல் ஆங்கிலப் பாராளுமன்றத்தின் மக்கள் அவை தீர்மானித்தது. நாடெங்கும் படித்தவர்கள் அதை வரவேற்றனர். ‘பறையன்’ என்னும் இதழை அதே ஆண்டில் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன், அத்தீர்மானத்தை எதிர்த்துப் பெருந்திரளானோரிடம் கையொப்பம் வாங்கிப் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்.

நம் தலைவர் ஒருவர் தேர்வை எதிர்த்தாரா என்று இன்றைய இளைஞர் வியக்கலாம். அவர் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கல்வியைத் தம் கைக்குள் வைத்திருந்தவர்களும், எழுத்தறிய விடாது தடுக்கப்பட்டவர்களும் ஒரே கோட்டில் நின்று ஓடினால், முடிவு ஓடத் தொடங்குமுன்னரே தெரிந்த ஒன்று. அங்ஙனம் பதவி பெறுவோர் சாதிக் கொடுமையையும் தம்முடன் நாற்காலியில் அமர்த்திக்கொள்வர் என்பதே அவர் கருத்து.

அந்த அச்சத்திற்கு விடை அரை நூற்றாண்டிற்குப் பின்னரே கிடைத்தது. அரசுப் பணிகளில் இட ஒதுக்கீட்டிற்கு வழிசெய்யும் அரசியலமைப்பின் 16ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவும், பணி நியமனங்களில் பட்டியல் இனத்தாரின் உரிமைக் கோரிக்கையைக் கருத வேண்டும் என்னும் 335ஆம் பிரிவும் தேர்வு முறைக்குள் சமுதாய நீதியைப் புகுத்தின.

அரசியலமைப்பின் வரைவுக் குழுத் தலைவர் அம்பேத்கரும் ஓர் ஆசிரியரே. 1918இல் பம்பாய் சிடனம் கல்லூரியில் அவர் அரசியல் பொருளாதாரப் பேராசிரியரானார். ஆசிரியர்களுக்கென வைத்த பானையில் அவர் தண்ணீர் அருந்துவதை அங்கிருந்த சிலர் எதிர்த்தனர். ஆயினும் அவ்வூதியத்தில் மிச்சம் பிடித்த பணமும், கோலாப்பூர் மன்னரும் நண்பரும் செய்த உதவியுமே 1920இல் அவர் மீண்டும் இலண்டன் சென்று படிப்பை முடிக்கத் துணையாயின. 1945இல் அவர் மக்கள் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்தார். அடுத்த ஆண்டு சித்தார்த்தா கல்லூரி எழுந்தது. ஆசிரியர் பதவி ஒரு குடும்பத்துக்குச் சோறு போடுவதோடு நில்லாது, ஒரு சமுதாயத்தையே கைதூக்கிவிடும் என்பதற்கு அவர் வாழ்வினும் சிறந்த சான்று வேறு இல்லை.

நெட் தேர்வு வந்த வரலாறு

விரிவுரையாளர் நியமனத்தில் முன்னாளில் முதுகலை மதிப்பெண்ணும் நேர்காணலுமே முடிவு செய்தன. நேர்காணல் அறையில் பெயரும் ஊரும் தந்தையின் தொழிலும் கேட்கப்படும்போது, விண்ணப்பதாரரின் சாதி அங்கே வந்து நிற்பதை நம்மில் மூத்தோர் பலர் கண்டிருக்கின்றனர்.

விரிவுரையாளர் தகுதிக்கு நாடு தழுவிய தேர்வு நடத்தும் பொறுப்பை 1988ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மத்திய அரசு பல்கலைக்கழக மானியக் குழுவிடம் ஒப்படைத்தது. முதல் தேர்வு 1989 திசம்பரிலும் 1990 மார்ச்சிலும் இரு பகுதிகளாக நடைபெற்றது. 1991இல் மானியக் குழு வகுத்த விதிகள் இத்தகுதியைக் கட்டாயமாக்கின. 2014 திசம்பர் முதல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியமும், 2018 திசம்பர் முதல் தேசியத் தேர்வு முகமையும் இதனை நடத்தும் பொறுப்பேற்றன.

முனைவர் பட்டத்திற்கும் இத்தேர்வுக்கும் இடையே விதிகள் பலமுறை ஊசலாடின. பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்கு முனைவர் பட்டம் கட்டாயம் என்று 2018இல் விதி செய்யப்பட்டு, அது நடைமுறைக்கு வருவது தள்ளிவைக்கப்பட்டது. 2023 சூலையில் அவ்விதி திருத்தப்பட்டு, நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வே குறைந்த அளவுத் தகுதி என்று அறிவிக்கப்பட்டது. நம் பிள்ளைகளுக்கு இது சிறிய செய்தியன்று. முனைவர் பட்டம் பல ஆண்டு உழைப்பையும் பொருளையும் வேண்டுவது. நெறியாளரின் மனப்பாங்கையும் சார்ந்து நிற்பது. எழுத்துத் தேர்வோ விடையை மட்டுமே காண்கிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. மொழிப் பாடங்கள் நீங்கலாக வினாக்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே அமைகின்றன. தமிழ்வழி பயின்றோர்க்கு இது கூடுதற் சுமை. 2024 சூன் 18 அன்று ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய தேர்வு, மறுநாளே இரத்துச் செய்யப்பட்டு மீண்டும் நடத்தப்பட்டது. குறைகளை எதிர்த்துக் குரல் கொடுப்போம். அதற்காகத் தேர்வை விட்டு ஒதுங்கி நின்றால் இழப்பு நம்முடையதே.

சலுகை என்னும் உரிமை

முதுகலையில் பொதுப் பிரிவினர் 55 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும். பட்டியல் இனத்தார்க்கு 50 விழுக்காடு போதும். இரு தாள்களுக்கும் சேர்த்து 300 மதிப்பெண். அதில் பொதுப் பிரிவினர் 40 விழுக்காடு, அதாவது 120 மதிப்பெண் பெற வேண்டும். நமக்கு 35 விழுக்காடு, அதாவது 105. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பும் இல்லை. 2024இல் பொதுப் பிரிவினர் கட்டணம் 1150 ரூபாய். நம் கட்டணம் 325 ரூபாய்.

இக்குறைந்த அளவு மதிப்பெண்ணைப் பெறுவது முதற்படி மட்டுமே. தேர்வு எழுதியோரில் ஆறு விழுக்காட்டினர் தகுதி பெற்றோராக அறிவிக்கப்படுகின்றனர். அவ்விடங்கள் முதலில் இட ஒதுக்கீட்டின்படி பிரிக்கப்படும். பின்னர் ஒவ்வொரு பிரிவுக்கும் உரிய இடங்கள், அப்பிரிவினர் எந்தெந்தப் பாடத்தில் எத்தனை பேர் குறைந்த அளவு மதிப்பெண் பெற்றனரோ, அந்த அளவுக்கேற்பப் பாடவாரியாகப் பகிரப்படும். நம்மவர் ஒரு பாடத்தில் பலராகத் தேர்வெழுதித் தேறினால், அப்பாடத்தில் நமக்குரிய இடமும் பெருகும். ஆகவே, ஒருவர் விண்ணப்பிக்காது விடுவது அவர் ஒருவரோடு முடிந்துபோகும் இழப்பன்று.

பள்ளி ஆசிரியர் தகுதித் தேர்விலும் இதே போராட்டம் நிகழ்ந்தது. தமிழ்நாட்டில் இட ஒதுக்கீட்டுப் பிரிவினர்க்குத் தேர்ச்சி மதிப்பெண்ணை 60 விழுக்காட்டிலிருந்து 55ஆகக் குறைத்து 2014 பிப்ரவரியில் அரசு ஆணையிட்டது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவ்வாணையை அதே ஆண்டு செப்டம்பரில் செல்லாது என்றது. உச்ச நீதிமன்றம் 2016 நவம்பரில் செல்லும் என்றது. ஐந்து விழுக்காட்டுக்காக இரண்டு ஆண்டுக்கும் மேலாக வழக்காட வேண்டியிருந்தது என்பதை நினைவிற் கொள்வோமாக.

இறுதி நாள்

தொடக்க காலத்தில் விண்ணப்பம் தாளில் இருந்தது. செய்தித்தாளில் விளம்பரம் காண வேண்டும். படிவம் பெற வேண்டும். வங்கியில் வரைவோலை எடுக்க வேண்டும். பச்சை மையில் கையொப்பமிடும் அதிகாரி ஒருவரைத் தேடிச் சான்றொப்பம் வாங்க வேண்டும். அஞ்சல் உரிய நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். செய்தித்தாள் வாராத ஊரில், எந்த அதிகாரியையும் அறியாத குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்கு இவை ஒவ்வொன்றும் ஒரு தாண்டுதடை. வினாத்தாளைக் காணுமுன்னரே அவன் வேறொரு தேர்வு எழுதி முடிக்க வேண்டியிருந்தது.

இன்று விண்ணப்பம் இணையத்தில் வந்துவிட்டது, தடைகள் உருமாறியுள்ளன. ஆண்டுக்கு இருமுறை, சூன், திசம்பர்ப் பருவங்களுக்கென அறிவிப்பு வருகிறது. விண்ணப்பிக்கச் சில வாரங்களே காலம். இறுதி நாளன்று இணையத்தளம் நெரிசலால் திணறும். கட்டணம் வங்கியில் கழிந்தும் தளத்தில் ஏறாது நிற்கும். சாதிச் சான்றிதழுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுச் செய்து காத்திருக்கும் நாட்களை எந்த அறிவிப்பும் கணக்கிற் கொள்வதில்லை.

ஆகவே, அறிவிப்பு வருமுன்னரே ஆயத்தமாக இருங்கள். சாதிச் சான்றிதழ், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ்கள், ஆதார் அட்டை ஆகியவற்றில் பெயரும் பிறந்த நாளும் ஒன்றுபோல் உள்ளனவா என்று இன்றே ஒப்புநோக்குங்கள். எழுத்து வேறுபாடு இருப்பின் திருத்திக்கொள்ளுங்கள். அருந்ததியர்க்குத் தமிழ்நாட்டில் 2009 முதல் உள்ஒதுக்கீடு உண்டு. மத்திய அரசின் தேர்வில் அப்பிரிவு தனியே இராது. பட்டியல் இனம் என்றே குறிக்க வேண்டும். முதுகலை இறுதியாண்டு மாணவரும் விண்ணப்பிக்கலாம். படிப்பை முடித்த பின்னர்தான் என்று காத்திருத்தல் வேண்டா. அறிவிப்பு வந்த முதல் வாரத்திலேயே விண்ணப்பித்து, கட்டணம் ஏறியதை உறுதி செய்து, உறுதிப்படுத்தும் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிழை நேர்ந்தால் திருத்துவதற்கென அளிக்கப்படும் ஓரிரு நாட்களையும் தவறவிடாதீர்கள்.

நம் கல்விக் கழகத்தின் உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஊர்தோறும் முதுகலை முடித்தோர், பயில்வோர் பெயர்களை ஒரு பதிவேட்டில் எழுதிவையுங்கள். அறிவிப்பு வந்த அன்றே ஒவ்வொருவருக்கும் செய்தி சேரட்டும். 325 ரூபாய் இல்லாமல் எவரும் பின்தங்க நேர்ந்தால், அது அப்பிள்ளையின் வறுமையைக் காட்டிலும் நம் அமைப்பின் வறுமையையே காட்டும். தகுதி பெற்ற ஒவ்வொருவரும் அடுத்த பருவத்தில் இருவரையேனும் விண்ணப்பிக்கச் செய்தல் வேண்டும்.

நம் முன்னோர் எழுதிய மனுக்களுக்கு மறுமொழி வருமா என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆயினும் கையொப்பம் திரட்டினர், கடல் கடந்து அனுப்பினர், காத்திருந்தனர். இன்று நாம் எழுதும் விண்ணப்பத்திற்கு மறுமொழி உறுதி. தேர்வு நாளும் இருக்கை எண்ணும் நம்மைத் தேடி வரும். இளைஞர்களே, மனு எழுதிய தலைமுறையின் பிள்ளைகள் நீங்கள். விண்ணப்பத்தை உரிய நாளில் எழுதுங்கள்; வகுப்பறைக்குள் ஆசிரியராக நுழையுங்கள்.