சினமும் சிலுவையும்

பேராக் ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும் முகத்துவாரத்தை அடுத்து அமைந்தது பாகான் டத்தோ. தென்னைக்குப் பேர்பெற்ற இவ்வட்டாரம் 2017ஆம் ஆண்டில் பேராக் மாநிலத்தின் 12ஆவது மாவட்டமாக உயர்ந்தது. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே தென்னந்தோட்டங்களிலும் ரப்பர்த் தோட்டங்களிலும் உழைக்கத் தமிழர் இங்கு வந்து சேர்ந்தனர். அவர்களோடு மாரியம்மனும் முனியாண்டியும் கடல் கடந்து வந்தவாறே, சிலர் நெஞ்சில் இயேசு பெருமானும் வந்தார். லயங்களின் ஓரத்தில், தோட்டத்து நிலத்தில் சிறு கோயில்களும் சிற்றாலயங்களும் எழுந்தன.

இப்பகுதியை ஒட்டிய ஜெண்டராத்தா தோட்டத்தைத் தோற்றுவித்தவர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் என்னும் டென்மார்க் நாட்டுப் பொறியாளர், ஆண்டு 1906. அதற்குச் சரியாக 200 ஆண்டுகளுக்கு முன்னர், 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள், டேனியர் ஆண்ட தரங்கம்பாடியில் கரையிறங்கியவர் சீகன்பால்கு ஐயர். மலாயாவுக்கு வந்த தமிழ் லூத்தரன் கிறித்தவர்களின் சமய வரலாறு அந்தக் கடற்கரையிலிருந்தே தொடங்குகிறது. ஒரே நாட்டார் ஒரு கரையில் சமயத்தைத் தந்தனர். மறு கரையில் வேலையைத் தந்தனர். தேவாலயத்தில் பொறுமை கற்பிக்கப்பட்டது. பெரட்டுக்களத்திலும் பொறுமையே எதிர்பார்க்கப்பட்டது. இரண்டும் ஒரே பொறுமைதானா? அநீதியைக் கண்டு சினங்கொள்பவன் கிறித்துவின் அடியவனாய் இருத்தல் கூடுமா?

தமிழ் மாணவர்க்கு இவ்வினா முற்றிலும் புதியதன்று. வள்ளுவர் வெகுளாமைக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். தம் சினம் செல்லுபடியாகும் இடத்தில் அதனைக் காப்பவனே உண்மையில் காப்பவன் என்பது அவர் கருத்து. தொல்காப்பியரோ மெய்ப்பாடு எட்டனுள் வெகுளியையும் ஒன்றாக எண்ணி, அது பிறக்கும் நிலைக்களன் நான்கு என்றார். உறுப்பை அறுத்தல், குடிக்குக் கேடு சூழ்தல், அலைத்துத் துன்புறுத்தல், கொலை என்பன அவை. இந்நான்கையும் ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். இவற்றுள் ஒன்றேனும் வீண் சினமன்று. நான்கும் ஒருவர்க்கு மற்றொருவர் இழைக்கும் கொடுமைகளே. அறச்சீற்றம் என்னும் சொல்லுக்கு ஏற்ற இலக்கணம் தமிழில் தொன்றுதொட்டு இருந்துவந்தது எனலாம்.

விவிலியத்திலும் இவ்விரு குரல்களும் கேட்கின்றன. சகோதரனைக் கோபித்துக்கொள்பவன் தீர்ப்புக்கு உள்ளாவான் என்கிறது மலைப்பொழிவு. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அவ்விடத்தில் 'நியாயமில்லாமல்' என்றொரு சொல் உண்டு. மிகப் பழைய கிரேக்கப் படிகள் சிலவற்றில் அச்சொல் இல்லை என்பதால் பிற்கால மொழிபெயர்ப்புகள் பல அதனை விட்டுவிட்டன. ஒரு சொல் நின்றால் நியாயமான கோபத்துக்கு வாயில் திறக்கிறது. அச்சொல் நீங்கினால் வாயில் அடைபடுகிறது! பாட வேறுபாடு புலவர்க்கு மட்டுமே உரிய விளையாட்டு என்று கருதும் மாணவர் இதனை எண்ணிப் பார்க்கலாம். ஆயினும் அச்சொல் இன்றியே விடை காணவும் வழியுண்டு. சூம்பிய கையையுடைய ஒருவனை ஓய்வுநாளில் குணமாக்கலாமா என்று குற்றம் பிடிக்கக் காத்திருந்தோரை இயேசு சினத்தோடு சுற்றிப் பார்த்தார் என்று மாற்கு எழுதுகிறார். அவர்களுடைய மனக்கடினத்தைக் கண்டு வருந்தினார் என்றும் அதே மூச்சில் சேர்க்கிறார். சினமும் துயரும் அங்கே ஒன்றாய் நிற்கின்றன. எருசலேம் ஆலயத்தில் கயிற்றால் சவுக்குப் பின்னிக் காசுக்காரரை விரட்டியதை யோவான் கூறுகிறார். பவுலோ எபேசியர்க்கு எழுதுங்கால் சினம் எழுவதை மறுக்கவில்லை. அது பாவமாகாமலும் பொழுது சாயும் வரை நீடிக்காமலும் காக்கச் சொன்னார். மனிதனின் கோபம் கடவுளின் நீதியை நிறைவேற்றாது என்று யாக்கோபு எச்சரித்ததும் உண்டு.

பின்வந்த சமய அறிஞர்களும் ஒரு முகமாக நிற்கவில்லை. 4ஆம் நூற்றாண்டுப் பாலைநிலத் துறவி எவாகிரியுஸ் தீய எண்ணங்கள் எட்டனுள் சினத்தை வைத்தார். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸோ, சினங்கொள்ள வேண்டிய இடத்தில் சினவாதிருத்தலும் குற்றமாகலாம் என்றார். நூலில் இவ்வாறு எழுதிவிடுதல் எளிது. வாழ்வில் அதன் விலை என்ன என்பதைத் தரங்கம்பாடி காட்டிற்று.

சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்தபோது அவருக்கு வயது 23. டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் அவரை அனுப்பியிருந்தார். ஆயினும் அங்கிருந்த கும்பினியார் அவரை விரும்பவில்லை. வணிகத்துக்கு இடையூறு வந்து சேர்ந்தது என்றே அவர்கள் எண்ணினர். அவரோ திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பழகித் தமிழ் கற்றார். 1708ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். அடுத்த திங்களிலேயே அவர் கோட்டைச் சிறையில் அடைபட்டார்.

காரணம் ஒரு கைம்பெண். தமிழர் நாவிதர் ஒருவர் கடன் விவகாரம் தீராமல் இறந்துபோனார். மறுதரப்பில் இருந்தவன் கும்பினியின் மொழிபெயர்ப்பாளன். ஆகவே அதிகாரத்துக்கு அண்மையில் இருந்தவன். நாவிதரின் மனைவி சீகன்பால்குவிடம் வந்து முறையிட்டாள். அவர் அவளுக்காகப் பேசினார். ஒருமுறையன்று, பன்முறை பேசினார். கோட்டைத் தளபதி ஹாசியுஸ் செவிசாய்க்கவில்லை. பின்னர், டேனியத் தேவாலயத்தில் தளபதி வரும்போது அவர்முன் மண்டியிட்டு நீதி கேட்குமாறு சீகன்பால்கு அப்பெண்ணுக்கு யோசனை கூறினார்.

இந்த மண்டியிடுதலைச் சற்று நிறுத்தி நோக்க வேண்டும். பார்வைக்கு அது தாழ்மையின் வடிவம். ஆனால் ஆண்டவன் சந்நிதியில், ஐரோப்பியக் குடியினர் அனைவரும் காண, ஆளவந்தவன் காலடியில் ஓர் ஏழைத் தமிழ்ப்பெண் நீதி கேட்டு விழுந்தால், அவ்விடத்தில் உயர்ந்தவர் யார்? மதுரை மன்னன் அவையில் கண்ணகி நின்றாள். தரங்கம்பாடியில் இப்பெண் மண்டியிட வேண்டும் என்றார் ஐயர். கோலம் வேறு, கேட்ட கேள்வி ஒன்று. ஹாசியுஸுக்கு அது நன்றாகவே விளங்கிற்று. அவர் சீகன்பால்குவை அழைத்துவர ஆளனுப்பினார். எழுத்து வடிவில் கட்டளை வேண்டும் என்றார் சீகன்பால்கு. வீரர்கள் வந்து அவரைப் பிடித்துச் சென்றனர். கேட்ட கேள்விகளுக்கு அவர் விடையளிக்க மறுக்கவே, நான்கு திங்களுக்கும் சற்று மேலாகச் சிறையில் வைக்கப்பட்டார். 1709ஆம் ஆண்டில் விடுதலையானார்.

சீகன்பால்குவைப் போற்றி எழுதுவோர் இந்நிகழ்ச்சியை இறையடியார் பட்ட பாடு என்றே கூறி முடிப்பர். அது முழு உண்மையாகாது. கைம்பெண்ணுக்காக எழுந்த சினம் ஒன்று. மன்னர் அனுப்பிய தம்மை ஒரு தளபதி ஏவலாளைப்போல் அழைப்பதா என்று எழுந்த சினம் மற்றொன்று. முன்னது பிறர்க்குரியது, பின்னது தமக்குரியது. எழுத்துக் கட்டளை கேட்ட இடத்தில் இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. அவரது இயல்பே விரைந்து கொதிப்பது என்று கருதுவோரும் உளர். ஆனால் தூய சினம் வாய்க்கும் வரை காத்திருந்தால் அப்பெண்ணுக்காகப் பேச ஒருவரும் எழுந்திருக்க மாட்டார் என்பதையும் மறத்தல் ஆகாது. வெளிவந்த பின்னர் அவர் பழிவாங்க முற்படவில்லை. விட்ட இடத்திலிருந்து மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். 1711ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அது நிறைவுற்றது. 1714, 1715ஆம் ஆண்டுகளில் தரங்கம்பாடியிலேயே அச்சேறியது. 1719இல் தம் 36ஆம் வயதில் அவர் மறைந்தார். சினத்தைக் குறித்துப் பவுல் கூறியது அச்சுத்தமிழில் முதன்முதல் நின்றது, சினத்தின் பொருட்டுச் சிறை சென்றவர் கைவழியாகத்தான்.

தரங்கம்பாடியில் சினந்தவர் போதகர். தென் திருவிதாங்கூரில் சினந்தவர் மக்கள்; அவருள்ளும் பெண்டிர். நாடார் முதலிய குலப் பெண்கள் மேலாடையால் மார்பை மறைத்தல் கூடாது என்பது அந்நாட்டு வழக்கம். இலண்டன் மிஷனைச் சேர்ந்த மால்ட், மீட் முதலியோர் நாகர்கோவில், நெய்யூர் வட்டாரங்களில் பணியாற்றிய காலத்தில் கிறித்தவரான பெண்கள் குப்பாயம் அணியத் தொடங்கினர். மிஷனரிமார் நாடியது அடக்கமான உடை. குப்பாயமே அதற்குப் போதும் என்று அவர்கள் கருதினர். பெண்களோ குப்பாயத்தோடு நின்றாரல்லர். உயர்குலப் பெண்கள் அணிந்த தோள்சீலையே வேண்டும் என்று அணிந்தனர். மானத்தை மறைக்கத் துணி கொடுத்தது சபை. அத்துணியைக் கொண்டு சமத்துவம் கேட்டவர் அப்பெண்கள். சந்தையிலும் சாலையிலும் அவர்தம் ஆடை கிழிக்கப்பட்டது. தொல்காப்பியர் கூறிய அலைத்தல் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

1829ஆம் ஆண்டு அரசு வெளியிட்ட அறிக்கை குப்பாயத்தை ஒப்பித் தோள்சீலையை மறுத்தது. போராட்டம் ஓயவில்லை. 1858 இறுதியிலும் 1859 தொடக்கத்திலும் கலகம் மூண்டு சிற்றாலயங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் வற்புறுத்திய பின்னரே, 1859ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் மன்னர் உத்திரம் திருநாள் புதிய அறிக்கை வெளியிட்டார். அதுவும் முழு உரிமை வழங்கவில்லை. நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம், உயர்குலப் பெண்களைப்போல் உடுத்தலாகாது என்றே கூறிற்று. இப்போராட்டத்தைக் கிறித்தவரின் வெற்றி என்று மட்டும் எழுதுதல் பொருந்தாது. கிறித்தவர் அல்லாத பெண்களும் ஆடைக்காக அடிபட்டனர். ஐயா வைகுண்டரின் வழிவந்தோரும் அதே மண்ணில் அதே இழிவை எதிர்த்து எழுந்தனர். போதகர் மனு எழுதினர். மனுவுக்கு உயிர் தந்தது எழுதப் படிக்கத் தெரியாத பெண்களின் சினம்.

1930ஆம் ஆண்டில் இவ்வினா நேர்முக வழக்காகவே எழுந்தது. உப்புச் சத்தியாக்கிரகத்தில் தொண்டர்கள் தடியடிபட்ட காலம் அது. சட்ட மறுப்பு கிறித்துவின் போதனைக்கு ஒவ்வாது என்னும் நிலையை ஆங்கிலத் திருச்சபையின் இந்தியத் தலைமைப் பேராயர் பாஸ் வெஸ்ட்காட் மேற்கொண்டார். மறுத்து எழுதியவர் தஞ்சையில் 1892இல் பிறந்த ஜே. சி. குமரப்பா, கிறித்தவர், அமெரிக்காவில் பொருளியல் பயின்று காந்தியடிகளோடு சேர்ந்தவர். கிறித்துவின் வழி அகிம்சையே என்றால், அடிப்பவர் பக்கம் நில்லாது அடிபடுபவர் பக்கம் வந்து நிற்பதன்றோ கிறித்தவர் கடன் என்பது அவர் வாதத்தின் சாரம். பேராயர் அமைதியைக் காட்டினார். குமரப்பா அவ்வமைதியின் அடியில் கிடந்த தடியைக் காட்டினார். 1963ஆம் ஆண்டில் பர்மிங்காம் சிறையில் இருந்துகொண்டு மார்ட்டின் லூதர் கிங், பொறுத்திருங்கள் என்ற தம் சக போதகர்க்கு எழுதிய மடலும் இவ்வகையினதே.

மலாயாவில் 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. தொழிலாளர் கேட்டவை கூலி உயர்வு மட்டுமல்ல. துரையைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும். கள்ளுக்கடைகள் மூடப்படவேண்டும் என்றும் கேட்டனர். மிதிவண்டியிலிருந்து இறங்குவதால் வயிறு காயாது. ஆயினும் அது நெஞ்சைச் சுட்டது. படை வந்தது, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் மாண்டன. தலைவர் ஆர். எச். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். இது கிறித்தவப் போராட்டமன்று. ஆனால் கள்ளின் கேட்டைக் குறித்துப் பிரசங்க மேடையிலிருந்து பேசுவதும், கள்ளுக்கடையை மூடு என்று தோட்ட நிருவாகத்தின் முன் போய் நிற்பதும் வேறு வேறு என்பதை அது காட்டிற்று. ஆலயம் நின்ற நிலமும் தோட்டத்துக்கே உரியதாயின், உபதேசியார் எத்துணைச் சினங்கொள்ள முடியும் என்பதும் எண்ணற்பாலது.

பேராக் மண்ணில் பிறந்த ஒருவர் வாழ்விலும் இவ்வினா பெரிதாய் நின்றது. 1898ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் நாள் ஈப்போவில் பிறந்து, சிறுவயதிலேயே யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைக்குக் கொண்டுசெல்லப்பட்டவர் சா. ஜே. வே. செல்வநாயகம். அவர் தென்னிந்தியத் திருச்சபையைச் சார்ந்தவர். அவரைத் தலைவராக ஏற்றவருள் பெரும்பாலோர் சைவர். 1956ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் மசோதாவை எதிர்த்துக் கொழும்பு காலிமுகத் திடலில் அவரும் தோழரும் அறப்போர் இருந்தனர். கும்பல் அவர்களைத் தாக்கியது. திருப்பி அடிக்கவில்லை. 1957இல் பண்டாரநாயக்காவோடு செய்த உடன்படிக்கை மறு ஆண்டே கிழிக்கப்பட்டது. 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரியின் முன் தொடங்கிய சத்தியாக்கிரகம் ஏப்ரல் வரை நீண்டது. அவசரகாலச் சட்டம் பிறப்பித்து அவரையும் பிறரையும் பனாகொடைப் படைமுகாமில் அடைத்தனர். 1965இல் டட்லி சேனநாயக்காவோடு செய்த உடன்பாடும் நிறைவேறவில்லை.

இருபது ஆண்டுகள் சினத்தைக் கையில் தடியின்றி ஏந்தி நின்றவர் அவர். உரத்துப் பேச இயலாதவாறு நடுக்குவாத நோயும் அவரை வாட்டிற்று. 1976ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியபோது அவரைச் சூழ்ந்திருந்த இளைஞருள் பலருக்குப் பொறுமை என்ற சொல்லே கசந்துவிட்டிருந்தது. மறு ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் அவர் மறைந்தார். பொழுது சாயுமுன் தணியவேண்டிய சினம் அத்தீவில் அதன்பின் முப்பதாண்டுக்கும் மேலாக எரிந்தது.