ஞானப்பல்லும் அதனைக் களைந்த வரலாறும்

1911ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் தோர்தோன் பகுதியில், கப் பிளான் என்னும் இடத்துப் பாறைப் புகலிடத்திலே தொழிலாளர் மண்ணை அகழ்ந்தபோது மனித எலும்புக்கூடு ஒன்று வெளிப்பட்டது. ஏறத்தாழ 13,000 முதல் 15,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் இறுதிக் காலத்தில் வாழ்ந்த ஒரு பெண்ணின் எலும்புக்கூடு அது. 1926ஆம் ஆண்டிலே சிக்காகோ நகரத்து பீல்டு நூதனசாலை அதனை விலைக்கு வாங்கிற்று. அதனை ஆராய்ந்த அறிஞர், அப்பெண்ணின் வாயில் ஞானப்பற்கள் முளைத்திருக்கவில்லை என்பதைக் கண்டனர். ஆகவே அவள் இருபது வயதையும் எட்டாதவள் எனத் துணிந்தனர். 'மக்தலேனியச் சிறுமி' என்ற பெயரும் அவளுக்கு நிலைத்துவிட்டது.

எண்பது ஆண்டுகள் கழிந்தன. 2006ஆம் ஆண்டில் அவ்வெலும்புக்கூட்டின் தாடையை எக்ஸ் கதிர்ப் படங்களின் உதவியால் மீண்டும் ஆராய்ந்தபோது உண்மை வேறாக இருந்தது. பற்கள் உருவாகாமல் இருக்கவில்லை. வெளிவர இடமின்றித் தாடையெலும்பினுள்ளே சிக்குண்டு கிடந்தன. சிறுமி எனப்பட்டவள் 25க்கும் 35க்கும் இடைப்பட்ட வயதினள் என்பது தெளிவாயிற்று.

இந்நிகழ்ச்சி ஓர் உண்மையை உணர்த்துகின்றது. ஞானப்பல்லைப் பற்றி ஒவ்வொரு காலத்தவரும் தாம் கண்டதைக் கொண்டே தீர்ப்புச் சொல்லினர்; காணாதது எஞ்சியிருந்த இடத்திலே தீர்ப்பும் பிழைத்தது. அப்பல்லை எப்போது களைவது, எப்போது விடுவது என்ற வினாவின் வரலாறும் இத்தகையதே.

ஞானப்பல் என்பது மேல் தாடையிலும் கீழ்த் தாடையிலும், இடமும் வலமுமாக, கொடுப்பின் கடைக்கோடியில் முளைக்கும் மூன்றாம் கடைவாய்ப்பல்லாகும். நான்கு பற்களும் முளைப்பின் வாயிலுள்ள பற்கள் முப்பத்திரண்டாகும். ஏனைய நிலைப்பற்கள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதளவில் முளைத்து முடிய, இவை மட்டும் பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் தோன்றும். உலக மக்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினருக்கு இவற்றுள் ஒன்றாயினும் உருவாவதே இல்லை.

காலந்தாழ்த்தி வருவதனாலேயே இப்பல் மொழிதோறும் தனிப் பெயர் பெற்றது. அறிவு முதிரும் வயதிலே முளைப்பதால் இலத்தீன் மொழியினர் இதனை ஞானத்தின் பல் என்றனர். அரபு மொழியினரும் அறிவின் பல் என்றே வழங்குவர். துருக்கியர் இருபது வயதுப் பல் என்பர். யப்பானியர் இதற்கு இட்ட பெயரோ 'பெற்றோர் அறியாதது' என்னும் பொருளைத் தருவது. பிள்ளை பெற்றோரின் கண்காணிப்பைக் கடந்த பின் முளைப்பது என்பது அதன் குறிப்பு. கொரிய நாட்டவர் காதலிக்கும் பருவத்திலே வருவதென்று கருதிப் போலும், காதற்பல் என்றனர்.

கிரேக்க ஞானி அரிஸ்டோட்டில் விலங்குகளைப் பற்றி எழுதிய நூலில் இப்பல்லைக் குறிப்பிட்டுள்ளார். ஆண், பெண் இருபாலார்க்கும் இருபதாம் வயதளவில் இது முளைக்கும் என்றும், எண்பது வயதைக் கடந்த பெண்டிர் சிலருக்குங்கூட மிகுந்த நோவுடன் முளைத்ததுண்டு என்றும் அவர் எழுதினார். பெண்களைக் காட்டிலும் ஆண்களுக்குப் பற்கள் அதிகம் என்று எழுதியவரும் அவரே. ஒரு பெண்ணின் வாயைத் திறக்கச் செய்து எண்ணியிருப்பின் நீங்கியிருக்கக்கூடிய பிழை அது. பேரறிஞராயினும் எண்ணிப் பாராத இடத்தில் வழுவுவர் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

பாரத நாட்டின் பண்டைச் சத்திரவைத்திய நூலாகிய சுசுருத சங்கிதை இன்னும் நுட்பமாக நோக்கிற்று. தாடையின் கடைசிப் பல்லருகே பெருவீக்கமும் கடுநோவும் உண்டாகி, வாயிலே உமிழ்நீர் பெருகுமாயின் அந்நோய்க்கு 'அதிமாம்சகம்' எனப் பெயர் என்று அந்நூல் கூறுகின்றது. அரைகுறையாக முளைத்த ஞானப்பல்லை மூடிக்கிடக்கும் பல்முரசு அழற்சியுற்று வீங்கும் நிலையை இன்றும் பல் வைத்தியர் நாள்தோறும் காண்கின்றனர். இரண்டின் குறிகளும் பெரிதும் ஒத்துள்ளன. வளர்ந்த தசையை அறுத்து நீக்கி, வசம்பு முதலிய மருந்துகளின் பொடியைத் தேனிற் குழைத்து இடுமாறு சுசுருதம் விதித்தது. நோயுற்ற தசையை நீக்குமாறு கூறிய அவ்விதி, பல்லைப் பிடுங்குமாறு கூறவில்லை என்பது கருதத்தக்கது.

இப்பல்லுக்கு மட்டும் இடம் போதாமற் போவது ஏன்? 1871இல் வெளியான 'மனிதனின் தோற்றம்' என்னும் நூலிலே சார்ள்ஸ் டார்வின் இவ்வினாவுக்கு விடை தேடினார். சமைத்த மென்மையான உணவை உண்பதால் தாடைக்கு உழைப்புக் குறைகின்றது, அதனால் தாடையின் பின்பகுதி குறுகிவிட்டது என்பது அவர் கருத்து. மனித இனங்களைத் தரப்படுத்திப் பேசிய அக்கால வழக்கை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. எனினும், வளரும் பருவத்திலே வன்மையான உணவை மெல்லுவது தாடையின் வளர்ச்சிக்குத் துணை செய்யும் என்ற அடிப்படைக் கருத்துக்குப் பிற்கால ஆராய்ச்சிகளும் ஆதரவளித்துள்ளன. ஆயின் உணவு ஒன்றே காரணமன்று. வேளாண்மை தோன்றுமுன் வாழ்ந்த கப் பிளான் பெண்ணின் தாடையிலும் பற்கள் சிக்குண்டிருந்தன அன்றோ? பரம்பரை இயல்புக்கும் இதிற் பங்குண்டு.

காரணம் எதுவாயினும், நோவுற்ற பல்லைக் களைவது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் பெருங்கொடுமையாகவே இருந்தது. அந்நிலை மாறத் தொடங்கிய நிகழ்ச்சியில் ஒரு ஞானப்பல்லுக்கும் இடமுண்டு.

1844 டிசம்பர் 10ஆம் நாள், அமெரிக்காவின் ஹார்ட்போர்ட் நகரிலே காட்னர் கோல்டன் என்பவர், சிரிப்பூட்டும் வாயு என வழங்கும் நைதரசு ஒட்சைட்டை மக்கள் முன் வேடிக்கையாகக் காட்டினார். வாயுவை நுகர்ந்த ஒருவர் துள்ளிக் குதித்தபோது காலிலே காயமுற்றார். ஆயினும் நோவை உணரவில்லை. அங்கிருந்த பல் வைத்தியர் ஹொறஸ் வெல்ஸ் அதனைக் கூர்ந்து நோக்கினார். மறுநாள் தாமே அவ்வாயுவை நுகர்ந்து, நண்பரான ஜோன் றிக்ஸ் என்னும் பல் வைத்தியரைக் கொண்டு தம் பல்லைப் பிடுங்குவித்தார். அது ஒரு ஞானப்பல் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். அவருக்கு நோவு தெரியவில்லை.

எனினும் வெல்ஸ் அதன் புகழை அனுபவிக்கவில்லை. 1845 ஜனவரியில் பொஸ்டன் நகரிலே வைத்திய மாணவர் முன் இதனைச் செய்து காட்ட முயன்றபோது, வாயு போதிய அளவு செல்லாமையால் நோயாளி முனகினார். கூடியிருந்தோர் எள்ளி நகையாடினர். அடுத்த ஆண்டு, 1846 அக்டோபர் 16ஆம் நாள், வெல்ஸின் பழைய கூட்டாளியாகிய வில்லியம் மோர்ட்டன் அதே நகரில் ஈதரைக் கொண்டு சத்திரசிகிச்சையை நோவின்றி நிகழ்த்த உதவிப் புகழ் பெற்றார். வெல்ஸோ மனமுடைந்து 1848இல் மாண்டார். 1905ஆம் ஆண்டளவில், ஜெர்மானிய இரசாயன அறிஞர் ஐன்ஹோர்ன் ஆக்கிய நொவொகெயின் என்னும் விறைப்பு மருந்து வழக்கிற்கு வந்தது. நோயாளி விழித்திருக்கவே தாடையின் ஒரு பகுதியை மாத்திரம் மரக்கச் செய்வது அதன்பின் எளிதாயிற்று.

நோவு நீங்கிற்று, காணாததைக் காணும் வழியும் பிறந்தது. 1895 நவம்பரில் றொன்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். 1896 ஜனவரியிலேயே ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்துப் பல் வைத்தியர் ஒட்டோ வால்கொப், தம் வாயினுள் ஒளிப்படத் தகட்டை வைத்து, 25 நிமிடங்கள் அசையாதிருந்து பற்களைப் படம் பிடித்தார். 1926இல் அமெரிக்கரான ஜோர்ஜ் வின்ரர், சிக்குண்ட கீழ்த்தாடை ஞானப்பற்களை, நேராக நிற்பவை, முன்னே சாய்ந்தவை, பின்னே சாய்ந்தவை, கிடையாகப் படுத்தவை என வகுத்து நூல் எழுதினார். அவ்வகுப்பு முறை இன்றும் வழக்கிலுள்ளது.

இவ்வாறு வல்லமை பெருகியபோது, புதிய தவறு ஒன்றும் உடன் பிறந்தது. களைய முடியும் என்பது களைய வேண்டும் என்பதாக மாறிற்று. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்கா முதலிய நாடுகளில் நோயற்ற ஞானப்பற்களையும் இளவயதிலேயே பிடுங்குதல் பெருவழக்காயிற்று. இளமையில் எலும்பு இளகியிருக்கும், வேர் முற்றியிராது, காயம் விரைவில் ஆறும் என்பன அதற்குக் கூறிய காரணங்கள். இவை உண்மையே. ஞானப்பல் தள்ளுவதால் முன்பற்கள் நெருக்குண்டு கோணும் என்றும் கூறினர். 1979இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய அறிஞர் மாநாடு, முன்பற்களின் நெருக்கத்தைத் தவிர்ப்பதற்காக மட்டும் ஞானப்பல்லைக் களைவதற்குப் போதிய ஆதாரமில்லை எனக் கூறிற்று.

இச்சிகிச்சை தீங்கற்றதன்று. கீழ் ஞானப்பல்லின் வேரடியிலே உதட்டுக்கும் நாடிக்கும் உணர்ச்சியூட்டும் நரம்பு ஓடுகின்றது; உட்புறமாக நாவின் நரம்பு செல்கின்றது. இவை ஊறுபடின் உதடோ நாவோ மரத்துப்போகும். பெரும்பாலோருக்கு அது நாளடைவில் நீங்கும். மிகச் சிலருக்கு நிலைத்துவிடும். நோயில்லாத பல்லுக்காக ஒருவரை இவ்வாபத்துக்கு உட்படுத்துவது முறையோ என்ற வினா எழுந்தது. 2000ஆம் ஆண்டிலே பிரித்தானியாவின் தேசிய மருத்துவ நெறிமுறை நிறுவனம், நோயற்ற சிக்குண்ட ஞானப்பற்களை முன்னெச்சரிக்கையாகக் களையும் வழக்கத்தை அரசாங்க வைத்திய சேவையில் நிறுத்துமாறு பரிந்துரைத்தது.

களைய வேண்டியவை எவை என்பதையும் அந்நெறி வகுத்தது. நிரப்பிக் காக்க முடியாதபடி சொத்தையுற்ற பல், வேரடியிலே தீராத நோயுற்ற பல், சீழ்க்கட்டையோ எலும்பின் அழற்சியையோ உண்டாக்கிய பல், உறையிலே நீர்க்கட்டி தோன்றிய பல், அயற்பல்லின் வேரை அரிக்கும் பல் ஆகியன அவை. பல்முரசு ஒருமுறை வீங்குவது, மிகக் கடுமையாக இருந்தாலன்றி, பல்லைப் பிடுங்கக் காரணமாகாது. வீக்கம் மீண்டும் வருமாயின் களைவது தகும்.

ஆயின் வரலாறு அத்துடன் முடியவில்லை. விட்டுவிடுக என்ற விதியைக் கவனியாது விடுக என்று கொண்டவர் வேறொரு துன்பத்தை அடைந்தனர். முன்னே சாய்ந்து அடுத்த பல்லை முட்டி நிற்கும் ஞானப்பல்லின் இடுக்கில் உணவு தங்கி, காக்க வேண்டிய இரண்டாம் கடைவாய்ப்பல்லே சொத்தையாவதைப் பிரித்தானிய வைத்தியர் பிற்காலத்திற் கண்டனர். 2020ஆம் ஆண்டில் ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய கொக்றேன் அமைப்பின் அறிக்கை, நோயற்ற ஞானப்பல்லைக் களைவதே நன்றென்றோ விடுவதே நன்றென்றோ சொல்லப் போதிய சான்று இல்லை என்றும், விடுவதாயின் ஒழுங்காகப் பரிசோதிக்க வேண்டும் என்றும் கூறிற்று.

அசட்டைக்கு இடமில்லாத நிலையும் ஒன்றுண்டு. 1836இல் ஜெர்மானிய வைத்தியர் லுட்விக் விவரித்த நோயொன்று, பெரும்பாலும் கீழ்க் கடைவாய்ப்பற்களின் சீழிலிருந்து தொடங்கி, நாவின் அடியிலும் கழுத்திலும் பரவி மூச்சையே அடைத்துவிடும். பல்நோவுடன் காய்ச்சல் கண்டு, வாய் திறக்கவும் விழுங்கவும் இயலாமலாகி, கழுத்து வீங்குமாயின் கைமருந்தை நம்பிக் காத்திருத்தல் ஆகாது. கிராம்புத் தைலமும் உப்புநீரும் அந்நோயைத் தடுக்கமாட்டா. அன்றிரவே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

ஆகவே, முளைத்தது என்பதற்காகவோ பிறர் பிடுங்கினர் என்பதற்காகவோ ஞானப்பல்லைக் களைய வேண்டியதில்லை. நோவில்லை என்பதற்காக அதனை மறந்துவிடவும் கூடாது. பல் வைத்தியர் கண்ணாலும் எக்ஸ் கதிராலும் ஆராய்ந்து, நோயுண்டு எனக் காட்டுமிடத்துக் களைவதும், நோயில்லாவிடத்துக் காவலோடு விடுவதுமே நீண்ட வரலாறு கற்பித்த நெறியாகும். கப் பிளான் பெண்ணின் வயதைத் தவறாகக் கணித்தவர்கள் அறிவற்றவரல்லர். எலும்பினுள்ளே இருந்ததைக் காண்பதற்கு முன் தீர்ப்புச் சொன்னவர்கள். அவர்கள் இழைத்த பிழையால் எவருக்கும் தீங்கு நேரவில்லை. உயிருள்ள மனிதரின் வாயில் அப்பிழை நேருமாயின், அதன் விலையை நோயாளியே கொடுக்க நேரிடும்.