எக்காளமும் காவடிச் சிந்தும்

கடல் கடந்து இத்தீவுகளில் குடியேறிய தமிழர், மூட்டை முடிச்சுகளோடு தம் ஊர்ப் பாட்டுகளையும் உடன் கொணர்ந்தனர். போர்ட் பிளேர் என்று வழங்கி, 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்ற நம் தலைநகரில், பங்குனி உத்திரத்தன்று வெற்றிமலை முருகன் கோயிலை நோக்கிக் காவடிகள் செல்லுங்கால் அச்செல்வத்தின் அருமை புலனாகும். டிரம்பெட் பயிலத் தொடங்கும் நம் சிறுவர்க்கு முதற்பாடமாக வைக்கத்தக்கது அக்காவடிச் சிந்தே என்பதை ஈண்டு ஆராய்வோம்.

ஊதுகருவி தமிழர்க்குப் புதிதன்று. கொம்பும் எக்காளமும் திருச்சின்னமும் கோயில் உலாக்களில் தொன்றுதொட்டு முழங்கியவை. ஆயினும் துளையில்லாத நெடுங்குழலில் இயற்கையாக எழும் ஒலிகள் சிலவே. ஆதலின் எக்காளம் வரவை அறிவித்தது, பாட்டை நாகசுரம் இசைத்தது. மேல்நாட்டு டிரம்பெட்டுக்கும் நெடுங்காலம் இக்குறை இருந்தது. 1818-ஆம் ஆண்டில் ஸ்டோல்செல், புளூமெல் என்னும் இரு ஜெர்மானியர் விசைப் பொறிக்கு உரிமம் பெற்றனர். அவ்வழி வளர்ந்த கருவியில் இன்று மூன்று விசைகள் உள்ளன. முதல் விசை இரண்டு அரைச்சுரமும், இரண்டாவது ஓர் அரைச்சுரமும், மூன்றாவது மூன்று அரைச்சுரமும் ஒலியைத் தாழ்த்தும். இவற்றின் சேர்க்கையால் எல்லாச் சுரங்களும் கைவந்தன.

ஈரிசையும் நம் நாட்டில் முன்னரே உறவாடியதுண்டு. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் மேல்நாட்டு வாத்தியக் குழுவைப் பேணினார். முத்துசுவாமி தீட்சிதர் (1775-1835) மேல்நாட்டு மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். அவை நோட்டுஸ்வரம் எனப்படும். ஏ. எம். சின்னசாமி முதலியார், 1890-களில் நம் கீர்த்தனங்களை ஐரோப்பியச் சுரக்குறியில் அச்சிட்டார்.

காவடிச் சிந்துக்கு இலக்கியப் பெருமை தந்தவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். 1865-இல் பிறந்து, ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் கழுகுமலை முருகனைப் பாடிய அவர், முப்பது வயதை எட்டுமுன்னரே மறைந்தார். நடந்து செல்லும் அடியார்க்கு உரிய இவ்வகைப் பாட்டு பெரும்பாலும் செஞ்சுருட்டியில் ஒலிக்கும். அரிகாம்போதியிற் பிறந்த அவ்விராகம் மேல்ஷட்ஜத்தைத் தொடாமல் நிஷாதத்தோடு திரும்பும். கீழே மந்தர பஞ்சமம் வரை இறங்கும். தொடக்க மாணவனின் உதடு பெரும்பாலும் தாங்கும் எல்லையும் ஏறத்தாழ அதுவே!

விசை அழுத்தாது ஊதும் கீழ் ஒலியை ஷட்ஜமாகக் கொள்க. பஞ்சமத்திற்கும் விசை வேண்டா. உதட்டை இறுக்கினால் போதும். ரிஷபத்திற்கு முதலும் மூன்றும். காந்தாரத்திற்கும் தைவதத்திற்கும் முதலும் இரண்டும். மத்திமத்திற்கும் நிஷாதத்திற்கும் முதல் விசை மட்டும். மந்தர நிஷாதம், தைவதம் இரண்டிற்கும் இவ்விரல்களே பொருந்தும். மந்தர பஞ்சமத்திற்கு மட்டும் முதலும் மூன்றும் வேண்டும்.

எனினும் விரல் அறிந்தமட்டில் பாட்டு வாராது. சுரக்குறி ஒலியின் உயரத்தையும் காலத்தையும் காட்டும். சொல் எங்கே துள்ளுகிறது, மூச்சு எங்கே நிற்கிறது என்பதைப் பாடுவோர் வாயிலாகவே அறியலாம். ஆதலின் சிறுவன் முதலில் தன் பாட்டியாரிடம் அமர்ந்து பாடுக, கைத்தாளம் இடுக, அதன் பின்னரே கருவியை எடுக்க. எதுகை விழும் இடத்தில் நாக்கினால் காற்றைத் தட்டியும், சொல் நீளும் இடத்தில் ஒரே மூச்சில் இழைத்தும் ஊதுவானாயின் செவிக்குச் சிந்து என்றே தோன்றும்.

பள்ளியிலும் கடைவீதியிலும் இந்தி பொதுமொழியாக வழங்கும் இத்தீவுகளில், நம் குழந்தைகளின் நாவினின்று பழம்பாட்டின் சொற்கள் நழுவுதல் எளிது. ஒரு மெட்டைக் கருவியில் ஊத விரும்பும் பிள்ளை, அதன் சொல்லைக் கேட்டு மூத்தோரிடம் வந்தே தீரவேண்டும். பித்தளைக் குழல் அவ்வகையில் தமிழுக்கும் ஒரு வாயில் ஆகின்றது. பெற்றோரே, பாட்டறிந்த முதியோர் நம்மிடையே இருக்கும்பொழுதே பிள்ளைகளை அவர்பால் அனுப்புங்கள்!